நெய்தற்கோட்டையின் இறுதி அத்தியாயம்

தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். அந்த நினைப்போடு இதைக் கேளுங்கள்.

தேவகோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த உமையாள், இணையத்தில் ஒரு கதைக் குழுவையும் நடத்திவந்தாள். கதையின் பெயர் நெய்தற்கோட்டை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் தன் பாத்திரம் செய்ததை ஒரு பத்தியில் எழுத, இன்னொருவர் தன் பாத்திரத்தின் மறுமொழியை எழுதுவார். ஒருவர் முகம் ஒருவர் அறியாதவர்கள் மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டையே எழுப்பிவிட்டார்கள். அதை நினைத்தால் உமையாளுக்கு எப்போதும் பெருமைதான்.

அவள் வகுத்த சட்டம் ஒன்றே: ஒரு பாத்திரத்தின் உயிர் அதை எழுதுகிறவரின் கையில். அவரைக் கேட்காமல் யாரும் அதைக் கொல்லவும் கூடாது, சாவிலிருந்து மீட்கவும் கூடாது. ஒரு வழக்கமும் உண்டு. கதை முடியும்போது, கதைக்காகத் தன்னிடமிருந்து மிகப் பெரியதை விட்டுக்கொடுத்தவர் எவரோ, அவர் இறுதி அத்தியாயத்தைத் தனியாக எழுதலாம்.

கோயம்புத்தூர் நவநீதனின் பாத்திரம் ஆழிவேந்தன். அவன்மேல் அம்பு படாது, நஞ்சு ஏறாது. அவன் களத்துக்கு வந்தால் மற்றவர்களுக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. கோட்டை முற்றுகைக்காக எல்லாரும் வாரக்கணக்கில் திட்டமிட்டிருக்க, நவநீதன் ஒரே பத்தியில் பகைப்படை முழுவதையும் வீழ்த்தினார். அதோடு நிற்கவில்லை. சுவர் இடிந்து மருத்துவச்சி மருதி இறந்தாள் என்றும், ஆழிவேந்தன் அவளை மடியில் கிடத்தி அழுதான் என்றும் எழுதிவிட்டார்.

மருதியை எழுதியவள் கல்முனை ஷிபானா. குழு கொதித்தது. நவநீதனை வெளியேற்று என்றார்கள். உமையாள் முதலில் ஷிபானாவை அழைத்தாள்.

"அவரை அனுப்ப வேணாம் அக்கா. அந்தப் பத்திய மட்டும் எடுங்க. மருதி சாகத்தான் வேணுமெண்டா, அத நான்தான் எழுதுவன்."

அடுத்து நவநீதனை அழைத்தாள். "அவன் தோத்தா நானே தோத்த மாதிரி இருக்குதுங்க" என்றார். உமையாள் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தியை நீக்கினாள், அவரைக் குழுவிலேயே வைத்துக்கொண்டாள்.

கதை மறுபடி நகர்ந்தது. பகைவர் ஏரிக்கரையை வெட்டினார்கள். கோட்டைக்குள் குழந்தைகள் ஒளிந்திருந்த சுரங்கத்தில் வெள்ளம் பாய்ந்தது. உள்ளே நின்று மதகின் கதவை அழுத்திப் பிடித்தால்தான் அவர்கள் மேலேற முடியும். பிடிப்பவர் மீள முடியாது. மருதி பிடித்தாள். அவளுடைய சாவை ஷிபானா நிதானமாக, ஒரு சொல் வீணாகாமல் எழுதினாள். படித்தவர்கள் அழுதார்கள். நெய்தற்கோட்டை மருதிக்கு நடுகல் நட்டது.

ஏரிக்கரையில் நின்ற ஆழிவேந்தன் வெள்ளத்தைத் தடுக்கப் பாய்ந்தான். இம்முறை நவநீதன் எழுதியது: "வலிமை போதவில்லை. நீர் அவனைப் புரட்டிப் போட்டது. தோள் முறிந்தது." மூன்று ஆண்டுகளில் ஆழிவேந்தனின் முதல் தோல்வி அது. இனி அவனும் மற்றவர்களைப் போல அடிபடுகிற ஆள்தான் என்று நவநீதன் குழுவுக்கு அறிவித்தார்.

சிக்கல் தூத்துக்குடி பென்சிகருக்கு வந்தது. அவருடைய வேட்டன்தான் கோட்டையின் முதல் வீரன். மருதியை உயிரோடு ஊர் சேர்ப்பேன் என்று அவளுடைய தந்தையிடம் சபையறிய வாக்குக் கொடுத்தவன். மதகு அடைபட்ட நேரத்தில் அவன் சுரங்க வாயிலில் கையில் கயிறோடு நின்றுகொண்டிருந்தான். வேட்டன் இறங்கி மருதியை மீட்கலாமா என்று பென்சிகர் ஷிபானாவைக் கேட்டார். மீட்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

உமையாள் வழி சொன்னாள்: "வேட்டன் அப்ப அங்க இல்லைன்னு மாத்திடலாமே, தம்பி."

"அவன் அங்க நிக்கிறான்னு நானே எழுதியாச்சுக்கா. இப்ப இல்லைன்னா அது பொய்யாயிரும்லா."

ஷிபானாவின் முடிவு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், வேட்டனுக்குத் தெரியாது. அவன் இறங்காமல் போக அவனுக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும். பென்சிகர் எழுதினார்: "வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது. வேட்டனுக்குக் கால் நகரவில்லை. பயம். கயிறு கையிலேயே இருந்தது." கோட்டை மக்கள் அவன் முகத்தில் விழிக்க மறுத்தார்கள். மருதியின் தந்தை அவனைக் கோழை என்றார்.

முற்றுகை முடிந்தது. இறுதி அத்தியாயம் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. உயிரையே கொடுத்தவள் ஷிபானா என்றார்கள் சிலர். உயிரைவிட அருமையாகக் காத்த வெல்லமுடியாத வலிமையை நவநீதன் துறந்தார் என்றார்கள் சிலர். முதல் வீரனைக் கோழையாக்கிய பென்சிகருக்கே என்றார்கள் மற்றவர்கள். மூவரையும் நினைத்து உமையாளுக்குப் பெருமிதம் தாங்கவில்லை. தீர்ப்புச் சொல்லத்தான் தடுமாறினாள்.

நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் மிகப் பெரியதை விட்டுக்கொடுத்தவர் யார்?

விடை: பென்சிகர். ஷிபானா மருதியின் உயிரைக் கொடுத்தாள், ஆனால் அவள் விரும்பிய சாவு அது. மருதிக்குப் புகழும் நடுகல்லும் கிடைத்தன. நவநீதன் துறந்தது அரியதுதான், ஆனால் பிறர் பங்கிலிருந்து எடுத்ததையே அவர் திருப்பித் தந்தார். பென்சிகர் எவர் பங்கையும் எடுத்தவரல்லர். இன்னொருத்தியின் முடிவைக் காக்கத் தன் வீரனின் மானத்தைக் கொடுத்தார். பதிலுக்கு அவனுக்குக் கிடைத்தது பழி. உமையாள் இப்படித் தீர்த்ததும் முதலில் ஆமோதித்தவர் நவநீதன். இறுதி அத்தியாயத்தில் வேட்டனின் பழியைத் துடைத்துவிட பென்சிகருக்கு முழு உரிமை இருந்தது. அவர் ஒரு வரிகூட அதற்காக எழுதவில்லை. காப்பாற்றப்பட்ட குழந்தைகள் வளர்வதைத்தான் எழுதினார். படித்து முடித்த உமையாள், இந்தக் குழுவை நடத்தியது நான் என்று அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.