இருபுறமும் இறங்கிய இழை

மனச்சிதைவு நோய் கண்ட குடும்பங்களின் ரத்தத்தை ஆராய்வது எழிலரசியின் வேலை. மரபணுவில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப ஒரே தொடராக வரும். ஒருவருக்குக் குட்டையாக, இன்னொருவருக்கு மிக நீளமாக. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் அப்படி இரண்டு தொடர்கள் உண்டு. அந்த நீளத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அவளும் உடன் வேலை செய்தவர்களும் தேடினார்கள். பாட்டன் பூட்டன் காலத்து வரி ஒன்று ஒரு சொட்டு ரத்தத்துக்குள் அழியாமல் ஓடுவதைத் திரையில் காணும்போதெல்லாம் அவளுக்கு மேல் சிலிர்க்கும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. மகன் பாலகுருவுக்குக் காதில் யார் யாரோ பேசும் குரல்கள். அவன் ஆச்சி சொர்ணத்தம்மாள் வந்ததும் வராததுமாக மருமகளைக் கைகாட்டினாள்.

"எங்க வீட்டுல இப்படி ஒருத்தரும் கெடையாது தாயி. இது இவ பொறந்த வீட்டுச் சீக்கு."

மருமகள் குருவம்மாள் வேறு யாருமல்ல, கிழவியின் உடன்பிறந்த அண்ணன் மகள். மகன் நோயில் விழுந்ததிலிருந்து இத்தனை வருடமாக அவள் ஒரு விசேஷ வீட்டுக்கும் போனதில்லை. ரத்தம் எடுக்கையில் மெல்லக் கேட்டாள்: "எங்கிட்ட இருந்துதான் போச்சான்னு மட்டும் சொல்லிருங்கம்மா."

முடிவு வந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே அளவில் நீளத் தொடர் ஒவ்வொன்று. பாலகுருவுக்கும் ஒன்றுதான். அவன் அக்கா கோமதிக்கோ இரண்டு. அவள் பேருந்தில் கண்டக்டர், ஒரு குறையும் இல்லாதவள். எழிலரசி அதை மறுபடியும் சரிபார்த்தாள்.

ஆனால் ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கோமதி தன்னுடையதைக் கேட்டாள். அவளிடம் அதை மட்டும் சொன்னாள். தகப்பன் சீனிராஜ் தனியே வந்து, "என் பக்கம்னே சொல்லிருங்க. பழி என் தலையில கெடக்கட்டும்" என்றார். எழிலரசி வாய் திறக்கவில்லை.

கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவளோ எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"ஆச்சி, எனக்கு அதுல ரெண்டு இருக்கு. அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு வாங்கினது. எங்காதுல கேக்குறது ஒன் சத்தம் மட்டுந்தான்."

பழியை வாங்கிக்கொள்ள வந்த தகப்பன், வாக்கைக் காத்த எழிலரசி, கல்யாணப் பேச்சு முறிந்தாலும் சரியென்று பேசிய மகள். இதில் யார் செய்தது சரி?

சீனிராஜின் அன்பு பெரிது. ஆனால் அவர் கேட்டது பழியை இடம் மாற்றத்தான். எழிலரசியின் மௌனம் சரி, அந்த ரகசியம் அவளுடையதல்ல. அதற்கு உரியவள் கோமதி ஒருத்தி. பேச வேண்டியவளும் அவளே. அந்த நீளம் நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டுமே காரணமென்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியவள் அவள்தான். மிச்சம் என்னவென்று எழிலரசிக்கும் இன்னும் தெரியாது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்குக் குருவம்மாளே அன்று விடை சொன்னாள், அத்தனை வருடம் கழித்துத் தலை நிமிர்ந்து:

"அத்தை, நான் பொறந்த வீட்டுலதான நீங்களும் பொறந்தீங்க?"