கடைசி ஆள் வருகிற வரைக்கும்

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடக் கற்றுக்கொடுத்த மனுஷர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு நாளான பிறகு, தானும் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டுமென்று ஓர் ஆசிரமத்துக்குப் போனார். அவர் பெயர் தவமணி. டிரில் வாத்தியார் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும்.

ஆசிரமம் ஒன்றும் பெரிதில்லை. கரடு என்று சொல்கிற ஒரு சின்னக் குன்று, அதன் அடியில் நாலு ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, வாசலில் ஒரு புங்கமரம். தங்கியிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு ஒரு சாமி. கூத்து என்னவென்றால், அந்தச் சாமி தவமணி வாத்தியாரிடம் படித்த பையன். பூமிநாதன் என்று பெயர். தட்டைப் பாதம், கனத்த உடம்பு. எந்தப் பந்தயத்தில் விட்டாலும் கடைசியாகத்தான் வருவான். கடைசி என்றால் லேசுப்பட்ட கடைசி இல்லை. அவனுக்கு முன்னால் வந்தவன் வீட்டுக்குப் போய்க் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருப்பான்.

அப்பேர்ப்பட்டவனைச் 'சாமி' என்று கூப்பிட வாத்தியாருக்கு வாய் வரவில்லை. காவி கட்டியவரை 'டேய்' என்று கூப்பிடவும் மனசு வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சார், உட்காருங்க. பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்றார் சாமி.

"உட்கார வரல. கத்துக்க வந்திருக்கேன்."

"என்ன கத்துக்கணும் சார்?"

"எங்க வெண்ணிலா போயிட்டா. தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டேன் சார்."

ஒரே மகள். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை. போன ஐப்பசியில் வருஷத் திதியும் கொடுத்தாகிவிட்டது.

"நான் தேறிட்டேன்," என்றார் வாத்தியார். "காரியம் முடிஞ்ச மறுநாளே கிரவுண்டுக்குப் போயிட்டேன். அவ அம்மா சொர்ணம்தான் எந்திரிக்கவே மாட்டேங்கிறா. சாயங்காலமானா வாசப்படியில வந்து உட்கார்ந்துக்குவா. புள்ள வேலை முடிஞ்சு ஸ்கூட்டர்ல வர்ற நேரம் அது. இருட்டுற வரைக்கும் தெருவையே பார்த்து அழுவா."

"நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்யாம விட்டேன்? காலையில நடை, மூச்சுப் பயிற்சி, அப்புறம் கோயில்னு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் செய்யல. ஸ்கூட்டரைப் பார்த்தாத்தானே அழுகைன்னு அதை வித்தேன். புள்ளையோட துணிமணியெல்லாம் ஒரு விடுதிக்குக் கொடுத்தேன். வருஷம் திரும்பிருச்சு, போதும் சொர்ணம், எந்திரின்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

வாத்தியார் புங்கமரத்தைப் பார்த்தார்.

"'உங்களுக்கு முடிஞ்சிருச்சுன்னா நீங்க போங்க'ன்னா. அதோட சரி. சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா. கல்யாணமான நாள்லேர்ந்து வாய் ஓயாத பொம்பளை. புள்ள போனதைத் தாங்கிட்டேன். இவளும் கை நழுவிப் போயிட்டா நான் எங்க போவேன்?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மனசை எப்படி நிறுத்துறதுன்னு முறையா கத்துக்கணும். கத்துக்கிட்டுப் போய் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கணும். எவ்வளவு கஷ்டமான பயிற்சினாலும் சொல்லுங்க. செஞ்சு காட்டுறேன்."

"இருங்க சார், பார்த்துக்கலாம்," என்றார் சாமி. அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

வாத்தியார் இருந்தார். சும்மாவா இருந்தார்? மணி அடிக்கும் முன்னே எழுந்து குளித்துவிட்டு மணியடிக்கிறவருக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவதற்குள் வாசலைக் கூட்டி முடித்தார். தியானத்தில் உட்கார்ந்தால் முதுகு ஒரு விரல்கடை வளையாது. பக்கத்தில் ஒருவர் கண்ணயர்ந்து சாய்ந்தால், "நிமிர்ந்து உட்காரும்யா," என்று ஒரு அதட்டல் போட்டார். பாவம், அந்த மனுஷர் அப்புறம் வேறு மூலையில் போய் உட்கார ஆரம்பித்தார்.

சாயங்காலமானால் எல்லோரும் கரட்டைச் சுற்றி நடப்பது அங்கே வழக்கம். வாத்தியார் கிளம்பினால் கிளம்பினதுதான். எல்லோருக்கும் முன்னால் வாசலுக்குத் திரும்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேத்தைக்குப் பரவாயில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாமி கடைசியாக வந்து சேருவார். அந்தத் தட்டைப் பாதத்தை இழுத்து இழுத்து, வழியில் ஆடு மேய்க்கிறவர்களிடம் நின்று பேசி, வரும்போது பொழுது போயிருக்கும்.

"காலைத் தூக்கி வைக்கணும்னு அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்," என்பார் வாத்தியார்.

"வரமாட்டேங்குது சார்," என்பார் சாமி.

"சரி, பாடம் எப்போ?"

"பார்த்துக்கலாம் சார்."

இப்படியே போனது. ஒருநாள் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. பையில் வேட்டியையும் துண்டையும் திணித்துக்கொண்டு நேராகச் சாமிக்கு முன்னால் வந்து நின்றார்.

"டேய் பூமிநாதா! என்னடா நினைச்சுட்டிருக்க? வீட்ல ஒருத்தி பேசாம உட்கார்ந்திருக்கா. நான் இங்க வாசல் கூட்டிட்டிருக்கேன். சொல்லிக் கொடுக்கிறதுன்னா கொடு, இல்லைன்னா தெரியாதுன்னு சொல்லு. நான் வேற இடம் பார்க்கிறேன்."

கொட்டகையில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். சாமி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்பாடா! வந்த நாள்லேர்ந்து நீங்க என்னைக் கூப்பிடவே இல்ல சார். இப்பத்தான் கூப்பிட்டிருக்கீங்க."

எழுந்து கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைக்கிற பழைய கயிறு ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையை வாசல் புங்கமரத்தில் கட்டினார். மறு முனையை வாத்தியார் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க நடக்க வேண்டாம் சார். நாங்க சுத்திட்டு வர்றோம். இதை வாசலுக்குக் குறுக்கே பிடிச்சுட்டு நில்லுங்க."

"எதுக்கு? பந்தயமா?"

"பந்தயமெல்லாம் இல்ல. எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் பிடிச்சுக்கங்க, போதும்."

வாத்தியாருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தெரிந்த வேலை. பையைக் கீழே வைத்தார். கயிற்றை நெஞ்சு உயரத்துக்கு இழுத்துப் பிடித்தார். ஆள் வந்து மோதும்போது முனையைத் தளர விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு அறுத்துவிடும். அதெல்லாம் அவர் கைக்கே தெரியும்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். நெஞ்சால் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். தியானத்தில் தூங்குகிற மனுஷர்கூட, கடைசி கொஞ்ச தூரத்தை ஓடியே வந்தார். "சபாஷ்!" என்றார் வாத்தியார்.

பிறகு ஆள் இல்லை.

வெயில் இறங்கியது. கரட்டின் நிழல் வாசல் வரைக்கும் வந்தது. தூறல் போட்டது.

"சார், உள்ள வாங்க. சாமி எப்பவும் லேட்டாத்தான் வருவார்," என்று கொட்டகையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"இன்னொரு ஆள் வரணும்ல?" என்றார் வாத்தியார். கயிற்றை விடவில்லை. கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. மூச்சை எண்ண வேண்டியதில்லை. வெறுமனே நிற்க வேண்டும், பாதையைப் பார்க்க வேண்டும். மனுஷர் இப்படி நின்று வெகு காலம் ஆகியிருந்தது. பாதையைப் பார்த்தபடி நிற்கையில், இது என்ன நேரம் என்று திடீரென்று உறைத்தது. சொர்ணம் இப்போது வாசப்படிக்கு வந்திருப்பாள். தெருமுனையில் வெண்ணிலாவின் ஸ்கூட்டர் திரும்புகிற நேரம். திரும்பும்போதே ரெண்டு தரம் ஹாரன் அடிப்பாள். "கேட்டைத் திறங்கப்பா"ன்னு அர்த்தம். அவர் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு, "எதுக்குடி ஊரைக் கூட்டுற?" என்று வைதுகொண்டே போய்த் திறப்பார். அந்தச் சத்தத்துக்காகவே அவர் அந்த நேரத்தில் பேப்பர் படித்தார் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

இந்த வருஷம் முழுக்க அந்த நேரத்தில் அவர் கிரவுண்டில் இருந்தார். ஒரு நாள்கூட வீட்டில் இல்லை.

அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார். அது கேட்கவில்லை. ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நட்டநடு வாசலில் நின்று, பெரிய மனுஷர் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

மங்கலில் சாமி வருவது தெரிந்தது. பாதத்தை இழுத்து இழுத்து வந்தார். கயிற்றைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தொந்தி குலுங்க ஓடி வந்து நெஞ்சால் மோதினார். வாத்தியாரின் கை தானாக முனையைத் தளர விட்டது. அழுகையோடு அழுகையாக அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"ஏன் சார் இன்னும் நிக்கிறீங்க? மழை வேற பெய்யுது," என்றார் சாமி, மூச்சு வாங்க.

"நீ வரலையேடா."

சாமி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தார்.

"ஒரு விளையாட்டு விழா சார். நான் எட்டாவது படிச்சுட்டிருந்தேன். பெரிய ஓட்டத்துல என்னையும் சேர்த்துவிட்டுட்டாங்க. ஓடுறேன், ஓடுறேன், முடியவே இல்ல. பரிசெல்லாம் கொடுத்து முடிச்சிட்டாங்க. பந்தலைப் பிரிக்கிறாங்க. எங்கய்யாவே வெட்கப்பட்டுக் கிளம்பிப் போயிட்டாரு. நானும் அப்படியே ஓரமா நழுவிரலாம்னு பார்த்தேன். ஓட்டம் முடியுற கோட்டுல இன்னும் கயிறு இருந்துச்சு. ஒரு முனை கம்பத்துல. இன்னொரு முனை உங்க கையில."

வாத்தியாருக்கு நினைவில்லை. எத்தனையோ விழா, எத்தனையோ பிள்ளைகள்.

"கயிறு இருக்கே, அப்போ இன்னும் முடியலன்னு நினைச்சேன். ஓடி வந்துட்டேன்," என்றார் சாமி.

தூறல் நின்றிருந்தது. வாத்தியார் தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ இன்னும் பாதியில இருக்காடா," என்றார். "நான் ஸ்கூட்டரை வித்தேன், துணியைக் கொடுத்தேன். அவ கண்ணு முன்னாடியே கயித்தைச் சுருட்டிட்டேன்."

சாமி கயிற்று முனையை வாங்கிக்கொண்டார்.

"தேறிட்டேன்னு உன்கிட்ட சொன்னதும் பொய்."

"தெரியும் சார்."

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையைத் தோளில் மாட்டினார். நடை மறுபடியும் நிமிர்ந்துவிட்டது.

"கடைசி பஸ் இருக்கா?"

"இருக்கு சார். ரோட்டுக்குப் போனா வந்துரும்."

விறுவிறுவென்று கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பி வந்தார். வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு மாணவனிடம் அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

"டேய், நான் போய் அவகிட்ட என்ன சொல்லணும்?"

"அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க சார்?"

வாத்தியார் யோசித்தார்.

"ஓடு ஓடுன்னு சத்தம் போட்டிருப்பேன்."

"இல்ல சார்."

"விசில் ஊதியிருப்பேன்."

"இல்ல."

"அப்போ திட்டித்தான் இருப்பேன். வேற என்ன சொல்லியிருப்பேன்?"

"ஒண்ணும் சொல்லல சார்," என்றார் சாமி. "நின்னீங்க."