நாலாயிரத்து நூறில் ஒரு முனகல்

ஒரு வண்டி, அதில் ஒரு சத்தம், அதைச் சுற்றி மூன்று பேர். புதிர் இவ்வளவுதான். எண்களைத் தவறவிடாமல் கேளுங்கள்.

கோவை ஒண்டிப்புதூரில் திருமூர்த்தி கார் பட்டறை வைத்திருந்தான். அவன் அண்ணா என்று அழைத்துப் பழகிய ஜெயதேவன் பந்தயக் கார் ஓட்டுபவன். எஞ்சின் இன்னும் சீக்கிரம் வேகம் பிடிக்க வேண்டும் என்று ஜெயதேவன் கம்பெனி போட்ட மூன்று புல்லிகளையும், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்களை, கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய அலுமினியப் புல்லிகளைத் தன் கையாலேயே மாட்டினான். மூன்றில் முக்கியமானது எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் இருப்பது. கம்பெனிப் புல்லிக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. தண்டின் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். அலுமினியப் புல்லியில் அந்த வளையம் இல்லை.

அன்றிலிருந்து வண்டி முனக ஆரம்பித்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரில் முள் நாலாயிரத்து நூறைத் தொட்டதும் தொடங்கும்; நாலாயிரத்து நானூறைத் தாண்டினால் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டு ஒருவர் ஒரே சுரத்தை இழுப்பது போலிருக்கும். வேலையில் மூழ்கும்போது ஜெயதேவன் அப்படித்தான் முனகுவான்.

இரண்டு வருடம் அந்த வண்டியை ஓட்டினான். மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். வண்டி பட்டறையில் நின்றது.

அவன் மனைவி வசுமதி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு வருவாள். இடப்பக்கக் கதவைத் திறந்து, ஒருவர் ஏறி உட்காரும் நேரம் காத்திருந்து, சாத்துவாள். பிறகு வலப்பக்கம் தான் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை முடுக்குவாள். முனகல் வந்ததும் காலை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வாள். அதற்கு மேல் ஒருநாளும் அழுத்தியதில்லை. தகர மேசையில் கிடக்கும் வாஷர்கள் அப்போது தாமாக நகரும். “அண்ணன் வந்துட்டாரு, வாங்கடா டீக்குப் போலாம்” என்று வேலையாள் ஒருவன் கேலி பேசுவான். கேலி பேசியவன்தான் முதலில் வெளியே போவான். இப்படி நூற்று நான்கு வெள்ளிக்கிழமைகள். தன்னைக் கேட்காமல் புல்லிகளைத் தொடுவதில்லை என்று திருமூர்த்தியிடம் அவள் வாக்கு வாங்கியிருந்தாள்.

மகள் யாமினிக்கு இருபத்திரண்டு வயது. செட்டிபாளையம் தடத்தில் நடக்கும் பந்தயத்துக்கு அப்பாவின் வண்டியோடு பெயர் கொடுத்துவிட்டாள். பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் முள் அந்த முனகல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். முனகல் என்பது தண்டின் அதிர்வு. அதில் தண்டு ஒடிந்தால் அந்த வேகத்தில் எஞ்சின் பூட்டிக்கொண்டு வண்டி உருண்டுவிடும். திருமூர்த்தி இதை வசுமதியிடம் சொல்லிப் பார்த்தான்.

“அவரு கையால மாட்டுனது தம்பி. அவரு புள்ளைய அவரே கெடுப்பாரா?” என்றாள் அவள்.

யாமினியும் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திருமூர்த்தியிடம் வந்தாள். “மாத்திக் குடுங்க சித்தப்பா. இல்லீன்னா இப்படியே ஓட்டிட்டுப் போறேன்.” மாற்றித் தருவதாக அவளுக்கும் ஒரு வாக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினான். ஸ்பேனரில் நீளக் குழாய் போட்டு அழுத்தியதில் நடு போல்ட் அன்றே அவிழ்ந்தது. புல்லி அசையவில்லை. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. புல்லியை இழுத்துப் பிடுங்கும் கருவியான புல்லரை மாட்ட அதில் துளையே இல்லை. விளிம்பில் கொக்கி போட்டால் விளிம்பு பெயர்ந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு துளை போட்டு, மரை வெட்டி, புல்லரை மாட்டித் திருகினான். ஏழாவது சுற்றில் உள்ளிருந்து அதே முனகல் வந்தது. எஞ்சின் ஓடவில்லை. வண்டிச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஸ்பேனரை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து பதினோராவது சுற்றில் புல்லியைப் பிடுங்கினான்.

புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு இரும்புக் கட்டை பாதி தேய்ந்திருந்தது. அதை யாமினிக்கு மட்டும் காட்டினான். மற்ற இரண்டு புல்லிகளும் சிரமமில்லாமல் வந்தன. புதுக் கட்டை, ரப்பர் வளையம் உள்ள கம்பெனிப் புல்லிகள், அளவு மாறிய பெல்ட் எல்லாம் போட்டு வியாழக்கிழமை முடித்தான். வசுமதிக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்தாள், காத்திருந்தாள், சாத்தினாள். எஞ்சினை முடுக்கினாள். நாலாயிரத்து நூறு. ஒன்றுமில்லை. முள் நாலாயிரத்து நானூறைத் தாண்டி ஐயாயிரத்துக்குப் போனது. இறங்கியது. மறுபடி ஏறியது. மூன்று முறை. வாஷர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. திருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று பட்டறைக்கு வந்திருந்த யாமினி போய்க் கண்ணாடியைத் தட்டினாள். “அம்மா, புல்லிய மாத்தியாச்சு. நாந்தான் மாத்தச் சொன்னேன். இனி அந்தச் சத்தம் வராது.”

வசுமதி எஞ்சினை நிறுத்தினாள். பக்கத்து இருக்கையைச் சற்று நேரம் பார்த்தாள்.

“எனக்குக் கேக்குது கண்ணு. நீ பயப்படாம ஓட்டு” என்றாள். திருமூர்த்தியைக் கடந்து வெளியே போய்விட்டாள்.

ஒருவன் வாக்கை மீறி ஓர் உயிரைக் காத்தான். ஒருத்தி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஒருத்தி காதில் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னாள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: வசுமதி செய்ததே சரி. நாலாயிரத்து நானூறுக்கு மேல் ஒருநாளும் போகாதவள் ஐயாயிரம் வரை மூன்று முறை தேடினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொன்னது, மகள் மனபாரம் இல்லாமல் பந்தயத்துக்குப் போகட்டும் என்பதற்காக. யாமினி உண்மையைச் சொன்னாள், ஆனால் எல்லாம் முடிந்தபிறகு. திருமூர்த்தி புல்லியை மாற்றியது குற்றமில்லை. செவ்வாய்க்கிழமையே அந்தத் தேய்ந்த கட்டையை வசுமதியின் கையில் கொடுக்காததுதான் குற்றம். கொடுத்திருந்தால், பழையதை ஒரே ஒருமுறை மாட்டித் தரச் சொல்லி, ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, கழற்றச் சொல்லி அவளே சொல்லியிருப்பாள். கடைசி முறை என்று தெரிந்து கேட்க அவளை ஒருவரும் விடவில்லை.