பாயசத்துக்கு முன் வந்த கல்

ஏழு தீவுகள் இருந்தன. அங்கே போனில் சிக்னல் அப்படிப் பாயும். நண்டுகள்கூட வளைக்குள் போகாமல் கரையில் நின்று வீடியோ பார்க்கும். நம்பாதவர்கள் நண்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் பிள்ளைகளைக் காக்க, ஏழு தீவுக்கும் பொதுவாக ஒரு சட்டம் எழுதும் பொறுப்பு கோதண்டத்துக்கு வந்தது. தலை நரைத்தவர். அவருடைய குரு அலர்மேல் அம்மைக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

சட்டம் நிறைவேற இருந்த அன்று, மத்தியானப் பந்தி நேரத்தில், கோதண்டம் அம்மையின் மடத்துக்குள் ஓடி வந்தார்.

“அம்மா! ஜெயித்துவிட்டேன்! ஒரு தீவில் சோதித்தும் பார்த்தாயிற்று. முன்பெல்லாம் பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள். எவனோ முகம் தெரியாதவன் படம் கேட்கிறான், மிரட்டுகிறான் என்பார்கள். இப்போது ஒரு புகார்கூட இல்லை!”

“அடேயப்பா! அப்படி என்ன எழுதினீர்?”

“மிரட்டல் வந்ததென்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அந்த நிமிடமே போனைப் பிடுங்கிவிட வேண்டும். எல்லாம் அதுகள் நன்மைக்குத்தான். சாயங்காலம் ஏழு தீவும் கையெழுத்துப் போடுகிறது. படகு காத்திருக்கிறது!”

“சாப்பிட்டுவிட்டுப் போம். இன்றைக்குப் பால் பாயசம்.”

கோதண்டம் உட்கார்ந்துவிட்டார். பாயசம் என்றால் கடலை நீந்தியே வருகிற ஆள்.

அம்மையே சோறு பரிமாறினார். பிறகு நிமிர்ந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“மடத்தில் இன்று புதுச் சட்டம். சோற்றில் கல் இருக்கிறதென்று யார் சொன்னாலும் அவர் இலையை எடுத்துவிடுவோம். உங்கள் பல்லைக் காக்கத்தான்.”

கோதண்டம் அள்ளி அள்ளிப் போட்டார். வாய்க்குள் ‘கடக்’ என்றது. அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தீவின் காக்கைகள் பறந்தன. கண்ணில் நீர் முட்டச் சமையல்கட்டைப் பார்த்தார். பாயச வாளி அப்போதுதான் புறப்பட்டிருந்தது. கல்லைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“யாருக்காவது கல்?” என்றார் அம்மை.

பந்தியில் சத்தமே இல்லை.

“கோதண்டம், உமக்கு?”

“ம்ஹூம்.”

“கன்னம் உப்பியிருக்கிறதே?”

“சந்தோஷம், அம்மா.”

அம்மை கைதட்டித் துள்ளினார். “கேட்டீர்களா! நம் மடத்துச் சோற்றில் கல்லே இல்லை! ஜெயித்துவிட்டோம்!”

கோதண்டமும் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கரையில் படகுக்காரன் சங்கு ஊதினான்.

“படகு நிற்கட்டும்!” என்று கத்தினார். கல் இலையில் விழுந்தது. “இருக்கிறது அம்மா! கல் இருக்கிறது! என் இலையை எடுத்துக்கொள்ளுங்கள்!”

அம்மை இலையைத் தொடவில்லை. வாளியை வாங்கி முதல் கரண்டிப் பாயசத்தை அவருக்கே ஊற்றினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“வலிக்கிறதா? சாப்பிடும். சாப்பிட்டுக்கொண்டே சொல்லும், கல் இலையில் எந்தப் பக்கத்துச் சோற்றில் இருந்தது?”