ஒரு ஃபேஸ் போனாலும் ஓடும்

கோயமுத்தூர் கணபதியில ஒரு மோட்டார் பட்டறை. அங்க சென்னியப்பன், நாச்சிமுத்து, ஆரோக்கியம், மயில்சாமின்னு நாலு பேரு. சொன்னதைச் சொன்னபடி செய்யறதுல இவங்களை அடிச்சுக்க ஆளே கெடையாது. அதான் பிரச்சனையே. "கதவை இழுத்துச் சாத்து"ன்னா கதவு தனியா கையோட வந்துரும்.

நாலு பேரும் எட்டு வருஷமா டெம்பரரி.

பட்டறையை நடத்தறது பூங்கோதை மேடம். ரெண்டு வருஷம் மண்டையை ஒடச்சு ஒரு மோட்டார் செஞ்சிருந்தாங்க. செம மோட்டாருங்க அது! நம்ம கெணத்து மோட்டாருக்கு மூணு ஃபேஸ். ஒண்ணு போச்சுன்னா ம்ம்ம்னு உறுமிட்டுப் படுத்துரும். இதுக்கு அஞ்சு. ஒண்ணு போனா, பக்கத்துல டிரைவுன்னு ஒரு பொட்டி இருக்கே, அது கண்ணிமைக்கறதுக்குள்ள கண்டுபுடிச்சு, மிச்ச நாலுக்கும் கரண்டைப் பிரிச்சுக் குடுத்து ஓட்டிரும். மலை ஏறற எலக்ட்ரிக் வண்டிக்கு வேற என்ன வேணும், சொல்லுங்க! உள்ள சுத்தறது பர்மனன்ட் மேக்னட்.

அந்த வார்த்தையிலதான் மொத பொகைச்சல்.

"ஏனுங்ண்ணா, போன மாசம் வந்த காந்தம் பர்மனன்டாமா. நாம எட்டு வருஷமா இருக்கறோம்"னான் ஆரோக்கியம்.

மூத்தவரு சென்னியப்பன் காரணம் சொன்னாரு. "அது வந்த அன்னிக்கே ஒட்டிக்கிச்சு. நாம தெனம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயர்றோம். எவன் பர்மனன்ட் பண்ணுவான்?"

ஒரு புதன்கிழமை காலையில மேடம் பையை மாட்டிக்கிட்டே சொன்னாங்க. "வண்டிக் கம்பெனிக்காரரைக் கூட்டிட்டு மூணு மணிக்கு வந்தர்றேன். அவரு ஆர்டர் குடுத்தா நீங்க நாலு பேரும் பர்மனன்ட். ஏதாச்சும் கேட்டா முழிக்காதீங்க. இது அஞ்சு ஃபேஸ் மோட்டார், ஒரு ஃபேஸ் போனாலும் ஓடும். அதை மட்டும் மறந்தராதீங்க."

மேடம் போனதும் நாலு பேரும் மோட்டாரைச் சுத்தி உக்காந்தாங்க.

"ஃபேஸுன்னா மூஞ்சிதானுங்ளே?"ன்னான் மயில்சாமி.

"பின்ன? ஃபேஸ் பவுடரை முழங்கால்லயா போடறோம்?"ன்னான் ஆரோக்கியம்.

"அப்ப அஞ்சு மூஞ்சி இங்க இருக்கோணும். அதுல ஒரு மூஞ்சி எந்திரிச்சுப் போனாலும் மோட்டார் ஓடிப்போயிருமாமா."

"மோட்டார் ஓடுனா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா பர்மனன்ட் போச்சு"ன்னு சென்னியப்பன் கணக்கா எடுத்துச் சொன்னாரு.

"அண்ணா! நாம நாலு மூஞ்சிதானுங்ளே இருக்கறோம்!"

மோட்டார் இன்னும் கெளம்பாம இருந்ததே பெரிய விஷயம்னு ஆயிருச்சு. மயில்சாமி மூஞ்சியை மோட்டார் பக்கமே வெச்சுக்கிட்டுப் பின்னாலயே நடந்து போயி, கேட்டுல கட்டியிருந்த திருஷ்டி பொம்மையை அவுத்துட்டு வந்தான். முறுக்கு மீசை, முட்டைக்கண்ணு, தொங்கற நாக்கு. அதையும் ஒரு சேர்ல உக்கார வெச்சாங்க. அஞ்சு ஆச்சு. மீறி ஓடுனா புடிக்கறதுக்குக் கயித்துல ஒரு சுருக்கும் போட்டு வெச்சாங்க.

"கண்ணைச் சிமிட்டலாமுங்ளா?"

"கண்ணுதான போகுது, மூஞ்சி போகலியே. சிமிட்டிக்க."

மத்தியானம் சோத்துக்குக்கூட ஒருத்தரும் எந்திரிக்கல. ரெண்டு மணிக்கு நாச்சிமுத்து நெளிய ஆரம்பிச்சான். காலையில மூணு சொம்பு மோர் குடிச்சிருந்தான்.

"அண்ணா, ஒண்ணுக்கு வருதுங்க."

"வரட்டும். நீ போகாத."

மூணு மணிக்கு மேடம் வந்தாங்க, கூடவே வண்டிக் கம்பெனிக்காரர். சேர்ல இருந்த பொம்மையை மேடம் பாத்தாங்க. கேக்கவா நேரம்? நேரா போயி சுவிட்சைப் போட்டாங்க. மோட்டார் பூனை மாதிரி சத்தமில்லாம சுத்துச்சு.

"பயப்படாதீங்கடா. சுத்தத்தான செய்யுது, ஓடல"ன்னாரு சென்னியப்பன்.

"இப்ப ஒரு ஃபேஸை எடுத்தர்றேன், பாருங்க சார்"னு மேடம் ஒரு சுவிட்சை ஆஃப் பண்ணாங்க. அதே நொடியில நாச்சிமுத்து, "இதுக்கு மேல முடியாதுங்க!"ன்னு கொல்லப்பக்கம் பாஞ்சான்.

மோட்டார் ஒரு குலுங்குகூடக் குலுங்கல. கம்பெனிக்காரர் துள்ளிட்டாரு. "அட! ஒரு ஃபேஸ் போயும் ஓடுதே!"

"ஐயோ, ஓடுதாமா! நாச்சி, உம்பட மூஞ்சி எங்கடா? புடிங்கடா!"

சுருக்கை வீசினாங்க. மோட்டார்ல சுத்தற புல்லியில மாட்டி, கயிறு சுருட்டிக்கிச்சு. கயித்தைப் புடிச்ச மூணு பேரும் உக்காந்தபடியே தரையில வழுக்கிட்டுப் போனாங்க. அரைகுறையா ஓடி வந்த நாச்சிமுத்து கடைசி ஆளோட இடுப்பைக் கட்டிக்கிட்டான். அவனும் போனான். மேடம் பதறிப்போயி எல்லாத்தையும் ஆஃப் பண்ணாங்க.

"லோடு டெஸ்டுங்களா? ஒரு ஃபேஸ் இல்லாம நாலு ஆளை இழுத்துருச்சே!"ன்னு கம்பெனிக்காரர் கையைத் தட்டினாரு. "எனக்கு எரநூறு மோட்டார் எழுதிக்குங்க!"

மறுநாள் மேடம் நாலு பர்மனன்ட் ஆர்டரை நீட்டினாங்க. ஒருத்தரும் வாங்கல.

"அஞ்சாவது எங்கீங்க மேடம்?"

"அஞ்சாவது யாருக்குப்பா?"

நாலு பேரும் பொம்மையைக் காட்டினாங்க. "நாச்சிகூட எந்திரிச்சு ஓடிட்டானுங்க. கடைசி வரைக்கும் எடத்தை விட்டு அசையாதது அவரு ஒருத்தருதானுங்க."

எரநூறு மோட்டார் சந்தோஷத்துல மேடம் அதையும் டைப் அடிச்சுக் குடுத்துட்டாங்க. பொம்மைக்கு ஐடி கார்டு போட்டு, உள்ள ஃபேன் அடியில சேர்.

ஆனா கேட்டுல எடம் காலியாயிருச்சே? பட்டறைக்குக் கண்ணு பட்டுருமே? நாலு பேரும் கூடிப் பேசி ஷிஃப்ட் போட்டுக்கிட்டாங்க. நேத்து அந்த வழியா பஸ்ல போனேன். நாச்சிமுத்து மீசையை வரைஞ்சுக்கிட்டு, கேட்டு மேல நாக்கைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தான். நான் கையை ஆட்டினேன். டூட்டியில இருக்கறதால பதிலுக்கு ஆட்டல. நாக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டினான்.