கீழப்பூண்டிப் போர்ப் பாடம்

மழையும் ராஜாவும் எப்போது என்ன செய்வார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு காலம். அப்போது பாலூற்று நாட்டை உத்தண்டராயன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருத்தனைத் தூணில் கட்டச் சொல்வான். மத்தியானம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவான்.

ஒருநாள் திடீரென்று அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தான். ஆஸ்தானப் பண்டிதர் அனந்தகீர்த்தி சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கண் செருக ஒப்பித்தார்கள்:

“பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம், உத்தண்டராய மகாராஜா நாற்பது யானைகளோடு சென்று கீழப்பூண்டியை ஒரே பகலில் வென்றார்!”

ராஜாவுக்கு மீசை துள்ளியது. “சபாஷ்! அந்தப் போர் ஏன் நடந்தது?”

தளபதியின் மகள் குமுதவல்லி மட்டும் எழுந்தாள். “அது பாடத்தில் இல்லை, மகாராஜா.”

பின்வரிசையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

“என் வெற்றிக்குக் குறட்டையா?” என்று ராஜா கத்தினான்.

“மக்குப் பிள்ளைகள், பிரபு” என்றார் பண்டிதர்.

கூட வந்திருந்த அமைச்சர் செவ்வந்தியப்பர் குறுக்கிட்டார். “பிள்ளைகள் மக்கு இல்லை, பண்டிதரே. ஒப்பிக்கச் சொன்னால் தூக்கம்தான் வரும். கேள்வி கேட்க விட்டுப் பாருங்கள், விழித்துக்கொள்வார்கள்.”

ராஜாவுக்கு அடுத்த ஆசனம் அமைச்சருக்கு என்பதில் பண்டிதருக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல். “அப்படியானால் இதே பாடத்தை அமைச்சரே நடத்தட்டும், பிரபு! ஆனால் கீழப்பூண்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சேதிகூட வரக்கூடாது. ஒரே ஒரு பிள்ளை கொட்டாவி விட்டாலும் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்!”

“பலே!” என்று ராஜா கைதட்டினான். “ஒரு வாரம் தவணை!”

எட்டாம் நாள் சபை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கூடியது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குவியல். அமைச்சர் மேலே கிடந்த துணியை இழுத்தார். அரண்மனைக் களஞ்சியத்துச் சாமான்கள். ஒவ்வொன்றிலும் ஓலைச் சீட்டு தொங்கியது: ‘கீழப்பூண்டி வெற்றிப்பொருள்’.

“தொட்டுப் பாருங்கள். தோன்றுவதைக் கேளுங்கள்” என்றார் அமைச்சர். “பதில் சொல்ல ஒரு கீழப்பூண்டிக்காரர் வேண்டும். யார் நடிக்கிறீர்கள்?”

கூத்து என்றால் ராஜாவுக்கு உயிர். கிரீடத்தைக் கழற்றி வைத்தான், தலையில் துண்டைக் கட்டினான், தரையில் சம்மணம் போட்டான். “கேளுங்கடா பிள்ளைகளா! நான்தான் கீழப்பூண்டிக் குடியானவன்!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

பிள்ளைகள் குவியலைக் கிளறினார்கள். அகப்பை, உலக்கை, அரிவாள்மணை, கலப்பை.

“ஐயா, உங்க வேல் ஈட்டியெல்லாம் எங்கே?”

“அதெல்லாம்... எங்களிடம் ஏது?”

“அப்ப எதை வச்சுச் சண்டை போட்டீங்க? யானைகிட்ட அகப்பையோடயா போனீங்க?”

“யானையா? வந்ததே பதினைந்து குதிரைதானே” என்றான் ராஜா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

பண்டிதர் பலமாக இருமினார். “நாற்பது யானை, பிரபு!”

ராஜா அவர் பக்கம் திரும்பவில்லை. குமுதவல்லி ஒரு கனத்த பலகையை இழுத்துவந்தாள். “இது என்ன?”

“ஏரி மதகுப் பலகை.” ராஜாவின் குரல் தணிந்துவிட்டது. “பயிர் காய்ந்தது. ராஜா தண்ணீரைத் தன் பூந்தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார். மூன்று தடவை வந்து கேட்டோம். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நாங்களே மதகைத் திறந்துவிட்டோம்.”

“அதுக்கா படை வந்துச்சு?”

ராஜா தலையை மட்டும் ஆட்டினான். அவள் ஒரு சின்னக் கம்பை எடுத்தாள். தூளிக்கம்பு. ஒரு முனை கரியாயிருந்தது.

“இது ஏன் கரிஞ்சிருக்கு? தூளியில குழந்தை இருந்துச்சா?”

ராஜா கம்பைக் கையில் வாங்கினான். “தெரியாதம்மா. கொளுத்தச் சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.”

இது குடியானவன் பேச்சு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையும் கொட்டாவி விடவில்லை.

ராஜா துண்டை அவிழ்த்தான். கிரீடத்தை எடுக்கக் கை நீளவில்லை. “பண்டிதரே, யானைகள் எங்கிருந்து வந்தன?”

“பிரபு... முதல்முறை இரண்டு யானை என்று பாடினேன். நீங்கள் மகிழ்ந்தீர்கள்...”

“மகிழ்ந்தேன். கேட்டுக் கேட்டு நானே பார்த்ததாக நம்பியும்விட்டேன்.” ராஜா பாயைக் காட்டினான். “இனி நீர் இந்தப் பிள்ளைகளோடு உட்காரும். கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு எழுதலாம்.”

பண்டிதர் தலை கவிழ்ந்து பாயில் உட்கார்ந்தார். ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். “வென்றது நீர்தான். இந்தப் பள்ளிக்கூடமும் இனி உம் பொறுப்பு.”

“பள்ளிக்கூடத்தை ஏற்கிறேன், மாலை வேண்டாம்” என்றார் செவ்வந்தியப்பர். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. “அந்தப் பதினைந்து குதிரைகளில் ஒன்றில் நானும் இருந்தேன். பதவி போய்விடுமே என்று பன்னிரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை. பண்டிதர் என்னைப் பேசக்கூடாது என்றபோது நிம்மதியாகத்தான் இருந்தது, மகாராஜா. இன்றும் பிள்ளைகளைக் கேட்க வைத்துவிட்டு நான் ஒளிந்துகொண்டேன்.”

மறுநாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜாவும் அமைச்சரும் கீழப்பூண்டிக்கு நடந்தார்கள். முதல் வீட்டு வாசலில் காத்தாயி என்கிற பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க?”

வழக்கமாகச் சொல்லும் பதினெட்டுப் பட்டங்களில் ஒன்றுகூட ராஜாவின் நாக்கில் வரவில்லை. “இந்த ஊரைக் கொளுத்தியவன்” என்றான். கரிந்த கம்பை இரு கைகளாலும் நீட்டினான். “இதில்... குழந்தை இருந்ததா?”

காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். “இதைக் கேக்க இத்தனை வருஷமாச்சா உங்களுக்கு?” என்றாள். கம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ராஜா வெயிலில் வெகுநேரம் நின்றான். உட்காரச் சொல்ல யாரும் வரவில்லை. பிறகு ஏரிக்கரைக்குப் போய், மதகு இனி ஊருக்கே சொந்தம் என்று அறிவித்துவிட்டு, அங்கே மதகை அடைத்திருந்த புதுப் பலகையைத் தன் கையாலேயே தூக்கினான். ஊர் முழுக்கக் கரைக்கு ஓடிவந்தது.

எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். அவனை யாரும் பார்க்கவில்லை.