கேள்வி கேட்டால் வீட்டுக்கு

ஆரணிக் கடைவீதியில் சலவைக் கடை வைத்திருந்தார் தணிகாசலம். வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"பார்த்துக் கத்துக்கணும். இந்தக் கடையில கேள்வி கேட்டா அப்பவே வீட்டுக்குப் போயிடணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்பார். அப்படி ஒரே மாதத்தில் மூன்று பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

நாலாவதாக வந்தவள் பூங்காவனம். அவளிடமும் அதையே சொல்லிவிட்டு, "சாயங்காலம் பரீட்சை வைப்பேன்," என்று மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே இஸ்திரி போடப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்ததும் நாற்காலியில் வந்து அமர்ந்தார். "கத்துக்கிட்டதைச் சொல்லு."

"மருந்துக்கடைக்காரர் சட்டைக்குக் கஞ்சி ஆகாது முதலாளி, கழுத்து புண்ணாகுதாம். டீச்சரம்மா பட்டுப்புடவையை மடிப்பு மாத்தி மடிக்கணும். போன தடவை பழைய மடிப்பிலேயே இஸ்திரி போட்டதுல சரிகை இத்துப்போச்சாம். இனிமே எதிர்க்கடையிலதான் போடணும்னு இருந்தாங்களாம்."

தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போனது. கடை வைத்த இருபது வருஷத்தில் இப்படிப்பட்ட சேதி எதுவும் அவர் காதுக்கு வந்ததில்லை.

"உங்களைக் கேட்டா வீட்டுக்குப் போகணும். அதனால துணி வாங்க வந்தவங்களைக் கேட்டேன். இதுவரைக்கும் இங்க யாரும் எங்களைக் கேட்டதில்லைன்னாங்க."

முதலாளி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "வேற என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே முதலாளி," என்ற பூங்காவனம், வாசலில் கிடந்த அவருடைய செருப்பைத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.